வாரம் 2 மணி நேரம் போதும்... ஆர்.பி.ஜி கேமை நீங்களும் முடிக்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 10 மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. டிவியை ஆன் பண்ணி, கன்ட்ரோலரைக் கையில் எடுக்கிறீர்கள். கடைசியாக விளையாடி 3 வாரம் ஆகிவிட்டது. ஸ்கிரீனில் ஒரு தாடிக்காரர் நிற்கிறார். 'நான் கேட்டதைக் கொண்டு வந்தாயா?' என்கிறார். யார் இவர், என்ன கேட்டார், எதற்குக் கேட்டார்... ஒன்றுமே ஞாபகம் இல்லை. பத்து நிமிஷம் மேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'அட போங்கய்யா' என்று ஆஃப் பண்ணிவிட்டுப் படுக்கப் போகிறீர்கள்.

இந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். 'இவ்வளவு காசு போட்டு கன்சோல் வாங்கலாமா, வேலைக்குப் போறவங்களுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமா?' என்று யோசித்துக்கொண்டிருந்தாலும் உங்களுக்குத்தான்!

அது என்ன ஆர்.பி.ஜி?

ரோல் பிளேயிங் கேம் என்பதன் சுருக்கம்தான் ஆர்.பி.ஜி. ஒரு கதாபாத்திரமாக நீங்கள் மாறி, அந்தக் கதைக்குள் வாழ்வது. இதன் ஆரம்பம் வீடியோ கேமே இல்லை. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டுதான் இதற்கு விதை. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருப்பார்கள். அடி விழுமா, தப்புமா என்பதைத் தாயக்கட்டை மாதிரி ஒரு பகடை முடிவு செய்யும்.

இன்று எல்லா கேமிலும் பார்க்கிறோமே... உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் புள்ளிகள், அனுபவப் புள்ளிகள், 'லெவல் அப்'... எல்லாம் அந்த மேஜையிலிருந்து வந்தவைதான். 2023-ல் வெளியான 'பால்டர்ஸ் கேட் 3' அந்த விளையாட்டின் விதிகளையே பயன்படுத்துகிறது. நீங்கள் ஒரு காவலாளியிடம் பொய் சொல்ல நினைத்தால், ஸ்கிரீனில் 20 பக்கப் பகடை உருளும். குறைவான எண் விழுந்தால், மாட்டினீர்கள்!

விரல் வேகம் வேண்டாம், பொறுமை போதும்

90-கள், 2000-களில் வளர்ந்தவர்களுக்கு 'டிவி கேம்' ஞாபகம் இருக்கும். மூணாங்கிளாஸ் லீவில் எனக்கும் ஒன்று கிடைத்தது. கேசட்டை ஊதி ஊதி சொருகி, மரியோ, கான்ட்ரா என்று விளையாடுவோம். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' கன்சோலின் நகல்கள். நமக்குக் கிடைத்தவை உட்கார்ந்த இடத்திலேயே ஆடி முடிக்கும் கேம்கள். விரல் வேகமாக இருந்தால் ஜெயிக்கலாம். இல்லையென்றால் கன்ட்ரோலரை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம்.

ஆனால், அதே ஃபேமிகாமில் ஜப்பான் பிள்ளைகள் வேறொன்றையும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். 1986-ல் யூஜி ஹோரி உருவாக்கிய 'டிராகன் குவெஸ்ட்'. படம் வரைந்தவர், டிராகன் பால் புகழ் அகிரா டோரியாமா. இதில் விரல் வேகத்துக்கு வேலையே இல்லை. நீங்கள் ஒரு அடி, எதிரி ஒரு அடி என்று மாறி மாறி நடக்கும் சண்டை. தோற்றால் பரவாயில்லை... இன்னும் நாலு சின்ன எதிரிகளை அடித்து, லெவல் ஏற்றிக்கொண்டு திரும்ப வரலாம். நேரம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் முடிக்கலாம்!

ஒரு சிக்கல் இருந்தது. ஜப்பானில் வெளியான அந்த முதல் கேமில் சேவ் வசதி கிடையாது. நிறுத்தும்போது கேம் 20 எழுத்துகள் கொண்ட ஒரு 'மந்திரத்தை'ச் சொல்லும். நோட்டில் எழுதி வைத்து, அடுத்த முறை அதை அப்படியே டைப் செய்ய வேண்டும். அடுத்த பாகத்தில் அது 52 எழுத்துகள் வரை போனது. ஒரு எழுத்து தப்பாக எழுதிவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு! 1989-ல் முதல் பாகம் அமெரிக்காவுக்குப் போனபோது, அதன் கேசட்டுக்குள்ளேயே பேட்டரி வைத்து சேவ் செய்யும் வசதி வந்தது.

யோசித்துப் பாருங்கள். 'இன்னிக்கு நிறுத்திட்டு நாளைக்கு வர்றேன்' என்பது ஆர்.பி.ஜி பிறந்தபோதே கூடப் பிறந்த விஷயம். இது ஒரே மூச்சில் முடிக்கும் சினிமா இல்லை பாஸ், தொடர்கதை! 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் கல்கியில் வந்தது. அன்றைய வாசகர்கள் வந்தியத்தேவனோடு மூன்றரை வருஷம் பயணம் செய்தார்கள். 'ஐயோ, இன்னும் முடிக்கலையே' என்று யாரும் குற்ற உணர்ச்சியில் தவிக்கவில்லை. ஒரு 50 மணி நேர கேமை வாரம் 2 மணி நேரம் விளையாடினால் 25 வாரம். ஆறே மாதம்தான்!

எந்த கன்சோல்?

பலரும் செய்யும் தப்பு, முதலில் கன்சோலை வாங்கிவிட்டு அப்புறம் கேமைத் தேடுவது. உல்டாவாகச் செய்யுங்கள். விளையாட ஆசைப்படும் மூன்று கேம்களை எழுதுங்கள். அவை எதில் கிடைக்கின்றன என்று பாருங்கள். ஒருவேளை உங்களிடம் இருக்கும் லேப்டாப்பிலேயே ஓடலாம்.

பிளேஸ்டேஷன் 5: இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஜிட்டல் மாடல் 39,990 ரூபாய். அதன் பிறகு விலை ஏறியிருக்கிறது. டிஸ்க் மாடலில் ஒரு லாபம் உண்டு. முடித்த கேமை விற்கலாம், நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம், பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகளையும் பெரும்பாலும் போடலாம். டிஜிட்டலாக வாங்கும் கேம்களுக்கு அந்த வழியே கிடையாது.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்: 2020-ல் 34,990 ரூபாய்க்கு வந்தது. டிஸ்க் போட முடியாது. ஆனால், 'குவிக் ரெஸ்யூம்' வசதியில், விட்ட இடத்திலிருந்து சில நொடிகளில் தொடரலாம். குழந்தை அழுதால் அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டியவர்களுக்கு இது வரம்.

நிண்டெண்டோ ஸ்விட்ச்: 2017-ல் வந்த இது, கையில் வைத்தும் டிவியில் மாட்டியும் விளையாடக்கூடியது. பஸ்ஸில் போகும்போதுகூட 20 நிமிஷம் ஆடலாம். இந்தியாவில் நிண்டெண்டோ நேரடியாக விற்பதில்லை. கடைகளில் இருப்பவை இறக்குமதி சரக்கு. அதனால் வாரன்ட்டி யார் தருவார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கம்ப்யூட்டர்: ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 'நமக்கு இது செட் ஆகுமா?' என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு நல்ல சாய்ஸ்.

முதல் கேம் எது?

எடுத்த எடுப்பிலேயே 100 மணி நேர கேமில் குதிக்காதீர்கள். சின்னதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

'அண்டர்டேல்' (2015): டோபி ஃபாக்ஸ் உருவாக்கியது. ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு எதிரியைக்கூடக் கொல்லாமல், பேசியே முடிக்கலாம் என்பதுதான் இதன் அழகு.

'க்ரோனோ ட்ரிகர்' (1995): காலப்பயணக் கதை. 20, 25 மணி நேரம் பிடிக்கும். ஃபோனிலும் கிடைக்கிறது. கன்சோலே வேண்டாம்!

'கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' (2025): பிரான்ஸில் உருவான கேம். மாறி மாறி அடிக்கும் பழைய பாணி சண்டையை, இன்றைய கிராஃபிக்ஸில் பார்க்கலாம். சுமார் 30 மணி நேரம்.

'தி விட்சர் 3' (2015): போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் கதைகளிலிருந்து பிறந்தது. கதையை மட்டும் தொடர்ந்தாலே 50 மணி நேரம் ஆகும். பெரியவர்களுக்கு மட்டுமான கேம். குழந்தைகள் முழித்திருக்கும்போது வேண்டாம்.

'பெர்சோனா 5' (2016): டோக்கியோவில் படிக்கும் ஒரு ஸ்கூல் மாணவனின் வாழ்க்கை. காலண்டரில் ஒவ்வொரு நாளாக நகரும். கிட்டத்தட்ட 100 மணி நேரம். இரண்டு கேம் முடித்த பிறகு வாருங்கள்.

என் சேவ் ஃபைல் செத்த கதை

லாக்டௌனில் செகண்ட் ஹேண்டில் ஒரு பிளேஸ்டேஷன் 4 வாங்கினேன். விட்சர் 3-ல் 58 மணி நேரம் போயிருந்தேன். தீபாவளிக்கு அக்கா பையன் வந்தான். அவனுக்கு கிரிக்கெட் கேம் போட வேண்டும். இடம் இல்லை என்று மெஷின் சொல்லியிருக்கிறது. பையன் கெட்டிக்காரன், செட்டிங்ஸுக்குப் போய் கேமையும் அழித்து, சேவ் ஃபைலையும் அழித்துவிட்டான். 'இடம் ஆயிடுச்சு மாமா!' என்று பெருமையாக வேறு சொன்னான். குழந்தையை என்ன திட்டுவது?

ஒரு வருஷம் அந்த கேமைத் தொடவே இல்லை. 58 மணி நேரம் வீணாகிவிட்டது என்ற கோபம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா ஆரம்பித்தேன். கதையில் ஒரு குடிகாரக் கோட்டைத் தலைவன் வருவான். காணாமல் போன மனைவியையும் மகளையும் தேடித் தரச் சொல்வான். தேடத் தேடத்தான், அவர்கள் ஏன் போனார்கள் என்பது புரியும். முதல் முறை அவன்மேல் கோபம் மட்டும்தான் வந்தது. இரண்டாவது முறை அவன் பேசுவதை நிதானமாகக் கேட்டேன். கோபம் போகவில்லை, ஆனால் கூடவே ஒரு பாரமும் வந்தது. அழிந்தது ஃபைல்தான். அந்த மனுஷன் என் ஞாபகத்தில் அப்படியே இருந்தான். இந்த முறை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் விளையாடி, அடுத்த தீபாவளிக்குள் முடித்தேன். அக்கா பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவனுக்கு அவன் கிரிக்கெட், எனக்கு என் கதை!

இதையெல்லாம் மறக்காதீங்க!

* ஆட்டோசேவை மட்டும் நம்பாதீர்கள். நிறுத்தும் முன் நீங்களே ஒரு சேவ் போடுங்கள். இரண்டு, மூன்று இடங்களில் மாற்றி மாற்றிப் போடுவது இன்னும் நல்லது.

* சேவை ஆன்லைனிலும் பத்திரப்படுத்தலாம். எக்ஸ்பாக்ஸில் இது இலவசம். பிளேஸ்டேஷன் 5, ஸ்விட்ச் இரண்டிலும் சந்தா கட்ட வேண்டும்.

* வீட்டில் குழந்தைகள் விளையாடினால், அவர்களுக்குத் தனி ப்ரொஃபைல் போட்டுக் கொடுங்கள். எதை அழிக்கக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

* ஃபோனில் ஒரு வரி நோட்: 'தாடிக்காரருக்கு மூலிகை வேணும், வடக்கே குகை.' மூன்று வாரம் கழித்து வரும்போது கைகொடுக்கும். விட்சர் 3, டிராகன் குவெஸ்ட் 11 போன்ற கேம்கள், லோடு ஆகும்போதே 'இதுவரை நடந்தது' என்று முன்கதைச் சுருக்கம் சொல்லிவிடும்.

* 'ஈஸி' வைத்து விளையாடுவதில் எந்த அவமானமும் இல்லை. விட்சர் 3-ல் கதைக்காகவே ஒரு எளிய மோட் உண்டு. எக்ஸ்பெடிஷன் 33, பெர்சோனா 5 இரண்டிலும் இருக்கிறது. 2022-ல் வந்த 'எல்டன் ரிங்'கில் அப்படி எதுவும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே அடிதான். அதனால் அதை முதல் கேமாக எடுக்காதீர்கள்.

* மேப்பில் தெரியும் எல்லாப் புள்ளிகளையும் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிடித்த பக்கக் கதையை எடுத்துக்கொண்டு, மற்றதை விடுங்கள்.

* பத்து மணி நேரம் ஆகியும் மனம் ஒட்டவில்லையா? நிறுத்திவிடுங்கள். பிடிக்காத நாவலை மூடி வைப்பதில்லையா, அதே மாதிரிதான்.

ஆபீஸ் டென்ஷன், வீட்டு வேலை, இஎம்ஐ... எல்லாவற்றுக்கும் நடுவில் உங்களுக்கென்று 2 மணி நேரம் எடுத்துக்கொள்வது தப்பே இல்லை. நீங்கள் வராத மூன்று வாரமும் அந்தத் தாடிக்காரர் அதே இடத்தில்தான் நிற்கிறார். கோபித்துக்கொள்ள மாட்டார். மெதுவாகப் போய், அவர் கேட்டதைக் கொடுங்கள்!