தோரோட்ராஸ்ட் என்று ஓர் ஊசி

நம் வயதுக்காரர்களில் பலர் பேரியம் குடித்திருப்பீர்கள். சுண்ணாம்பைக் கரைத்தாற்போல் ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுப்பார்கள். இப்போதோ ஸ்கேன் என்றால் கையில் 'டை' ஊசி. அதற்கு முன் அலர்ஜி உண்டா, கிரியாட்டினின் எவ்வளவு என்று ஆயிரம் கேள்வி. இத்தனை கேள்வியும் தேவைப்படாத ஓர் ஊசி ஒரு காலத்தில் இருந்தது. அதன் கதை இது.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரிவது அதிலுள்ள கால்சியத்தால். ரத்தக்குழாயும் குடலும் சதையோடு சதையாக மங்கிவிடும். கனமான அணு கொண்ட பொருளை உள்ளே செலுத்தினால் அது கதிரைத் தடுத்து வெள்ளையாகத் தெரியும். கால்சியத்தின் அணு எண் 20. அயோடினுக்கு 53, பேரியத்துக்கு 56. ரான்ட்கன் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே வியன்னாவில், துண்டான ஒரு கையின் ரத்தக்குழாய்களில் பாதரசக் கூட்டுப்பொருள் கலந்த குழம்பை ஏற்றிப் படம் எடுத்துவிட்டார்கள். உயிரற்ற கைக்கு எதை ஏற்றினால் என்ன? உயிருள்ளவருக்கு எதை ஏற்றுவது என்பதுதான் சிக்கல்.

லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர் 1927இல் மூளையின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்க முனைந்தார். முதலில் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு. ஒரு நோயாளி இறந்துபோனார். பிறகு சோடியம் அயோடைடில் படம் கிடைத்தது, ஆனால் அது ரத்தக்குழாயை எரிச்சலூட்டும். (இவருக்கு 1949இல் நோபல் கிடைத்தது இதற்காக அல்ல, மனநோய்க்கு மூளை நரம்பிழைகளை அறுத்த சிகிச்சைக்கு. அது வேறு கதை, நல்ல கதையும் அல்ல.)

அந்தச் சமயத்தில் ஜெர்மனியிலிருந்து வந்தது தோரோட்ராஸ்ட். தோரியம் ஆக்சைடை நுண்துகளாகக் கலந்த திரவம். தோரியத்தின் அணு எண் 90, படம் பளிச்சென்று விழுந்தது. வலியில்லை, அலர்ஜி அநேகமாக இல்லை. 1931இல் மோனிஸும் இதற்கு மாறினார். ஜப்பானில் போரில் காயம்பட்ட சிப்பாய்கள் பலருக்கும் இதைப் போட்டார்கள்.

தோரியம் நமக்கு அந்நியமல்ல. கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் இருந்தது அதுதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் அதுதான். ரத்தத்தில் ஏறினால் உடம்புக்கு அதை வெளியேற்றத் தெரியாது. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள். அது விடும் ஆல்ஃபா கதிர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. ஆனால் பக்கத்திலிருக்கும் செல்லை ஆயுள் முழுக்கச் சுட்டுக்கொண்டே இருக்கும்.

இது கதிரியக்கப் பொருள் என்பது அன்றே தெரியும். 1932இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு இதை ஏற்க மறுத்தது. மூளைக் கட்டியோடு வந்தவரிடம் இருபது வருடம் கழித்து வரக்கூடிய கேட்டைப் பற்றி எந்த மருத்துவர் பேசுவார்? அதுவரை எனக்குப் புரிகிறது. சாதாரணத் தொல்லைகளுக்கும் இதையே போட்டார்களே, அதுதான் புரியவில்லை.

கல்லீரலில் புற்று வந்த முதல் நோயாளியைப் பற்றிய அறிக்கை 1947இல் வெளியானது. 1950களில் நல்ல அயோடின் மருந்துகள் வந்தபிறகுதான் தோரோட்ராஸ்ட் மறைந்தது. ஜெர்மனியில் ஊசி போட்டுக்கொண்ட 2,000க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். கல்லீரல் புற்று அவர்களிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. இப்படிப்பட்டவர்களுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் வேறு எதற்காகவோ சாதாரண எக்ஸ்ரே எடுத்தாலும், எந்த ஊசியும் போடாமலே, கல்லீரலும் மண்ணீரலும் வெள்ளை வெளேரென்று தெரிந்தன.