ஆங்கில வினைக்காலங்கள்

ஆங்கில வினைச்சொல் தன் உருவில் காட்டுவது நிகழ்காலம், இறந்தகாலம் என்ற இரண்டையே. எதிர்காலத்துக்கு 'வில்' போன்ற துணைவினை வேண்டும். பாடநூல்களின் பன்னிரண்டு காலங்கள், இம்மூன்றோடு எளிமை, தொடர்ச்சி, நிறைவு, நிறைவுத் தொடர்ச்சி ஆகிய நிலைகளைப் பெருக்கிய கணக்கு. மனனம் செய்து பயனில்லை. தமிழ் மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் நிறைவு நிலையில்தான். எடுத்துக்காட்டாக, இலங்கையின் கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்தது. நாள் குறிப்பிட்டுவிட்டதால் ஆங்கிலத்தில் 'ப்ரோக்' என்ற எளிய இறந்தகாலமே சரி. 'ஹாஸ் ப்ரோக்கன்' பிழை. தமிழிலோ '1986இல் உடைந்திருக்கிறது' என்று ஆண்டோடும் இயல்பாகச் சொல்லலாம். பிழை நுழைவது இந்தப் பழக்கத்தின் வழியே. நாள் சொல்லாமல், கட்டு திருத்தப்பட்டு நிற்கும் இன்றைய நிலையைப் பேசும்போது 'ஹாஸ் பீன் ரிப்பேர்ட்' பொருந்தும்.