இடுப்புக்கு மேல், முழங்காலுக்குக் கீழ்: ஜீன்ஸ் நடந்து வந்த பாதை

தொப்புளை ஒட்டி பட்டன் போட்டு, தொடையில் ஒட்டாமல், கால் நெடுகப் பாவாடை போல அகலமாக விழுகிற ஜீன்ஸைத்தான் இன்று கல்லூரிப் பெண்கள் கேட்டு வாங்குகிறார்கள். கடைக்காரர்கள் இதை ஹை வெய்ஸ்ட் வைட் லெக் என்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்புவரை காலோடு தோலாக ஒட்டிய ஸ்கின்னி ஜீன்ஸ்தான் எங்கும் இருந்தது. நாங்கள் பணிபுரியும் காலனிகளில் பெண் பிள்ளைகள் கேட்பது, இதை எப்படிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று. அவர்கள் வீட்டில் கேட்பது, இதை ஏன் போட வேண்டும் என்று. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறோம். வீட்டில் கேட்கும் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறு இருப்பதால் அதிலிருந்து தொடங்குகிறோம்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் கூடாது, பொன்னும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் சூறையாடப்பட்டன. ஆங்கிலேய அதிகாரி ஹட்டன் இந்தப் பட்டியலைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1931 ஜூனில் இது பதினொரு தடைகளாக வளர்ந்தது. அதில் நம் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் ஒன்று. துணிக்கான தடையும் படிப்புக்கான தடையும் ஒரே பட்டியலில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் உடம்பின் உறுப்புகள் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாதிக்கு அவை எல்லைக் கற்கள்.

இந்த வகைச் சட்டத்துக்கு உலகத்தின் மறுகோடியிலும் ஒரு உடன்பிறப்பு உண்டு. ஜீன்ஸின் கதை அங்கிருந்துதான் வருகிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அதை ஒடுக்கிய கையோடு 1740இல் ஒரு சட்டம் வந்தது. அடிமைகள் எந்தெந்தத் துணி உடுத்தலாம் என்று அதில் பெயர் சொல்லிப் பட்டியல் இட்டார்கள். நீக்ரோ கிளாத் என்றே பெயர் பெற்ற முரட்டுத் துணி, நீல லினன், கட்டம் போட்ட பருத்தி, கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கிய காலிகோ இவையெல்லாம் அதில் வருகின்றன. இவற்றைவிட உயர்ந்த துணியை ஒரு அடிமை உடுத்தியிருந்தால் காவலர் அதைப் பறித்துத் தானே வைத்துக்கொள்ளலாம். எஜமானனின் கௌரவத்துக்காகச் சீருடை அணியும் வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. ராமநாதபுரத்து நாட்டார்கள் இந்தச் சட்டத்தைப் படித்திருக்க மாட்டார்கள். படிக்காமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதே தென் கரோலினாவில்தான் அதே 1740களில் அவுரி பயிரிடுவது பெருந்தொழிலானது. எலைசா லூகாஸ் பிங்க்னி என்ற தோட்டக்கார வீட்டுப் பெண்ணின் சாதனை என்று பள்ளிப் பாடங்கள் சொல்லும். இலையை ஊறவைத்து, அடித்துக் கலக்கி, வண்டலாக நீலத்தை இறக்கும் கைப்பக்குவம் அடிமைகளுடையது. அழுகிய இலையின் நாற்றத்தில் நின்று வேலை செய்தவர்களும் அவர்களே. 1775 வாக்கில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் நீலம் அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

நம் கரையிலும் இந்த நீலத்துக்கு ரத்த வாடை உண்டு. புதுச்சேரியில் அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் கினே. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்கப் போன வணிகர்களுக்கு அந்தத் துணிதான் நாணயம். அந்தப் பிசினைச் சேகரித்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். வங்காளத்தில் 1859-60இல் அவுரி விவசாயிகள் பயிரிட மறுத்துக் கிளர்ந்தார்கள். 1917இல் சம்பாரண். அதற்கு முன்பே, 1897இல், ஜெர்மனியில் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவுரியின் ஆதிக்கத்தை உடைத்துவிட்டது. இன்று நாம் போடும் ஜீன்ஸில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ரசாயன நீலம்தான்.

ஜீன்ஸ் என்ற பெயர் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்தும், டெனிம் என்ற பெயர் பிரான்ஸின் நீம் ஊரிலிருந்தும் வந்தவை என்பார்கள். டங்காரி என்ற பெயர் மும்பையின் டோங்கிரியிலிருந்து போனது. பெயர்கள் எங்கிருந்து வந்தாலும், ஆடையாக அது உருவானது உழைப்பாளிகளுக்காக. நெவாடா மாநிலத்தின் ரீனோவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் இருந்தார். ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி, தன் கணவனுக்குக் கிழியாத கால்சட்டை வேண்டும் என்று அவரிடம் வந்தார். பை கிழியும் இடங்களில் செம்பு ரிவெட் அடித்துக் கொடுத்தார் டேவிஸ். துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார். அந்த மனைவியின் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை. நாங்கள் வேலை செய்யும் தெருக்களில் கிழிந்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களும் பெண்கள்தான் என்பதால் இது எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் நுழைவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. அந்தக் காலத்து லீவைஸ் ஜீன்ஸ் ஒன்று 2022இல் ஏலத்துக்கு வந்தபோது, அதன் பையில் வெள்ளையர் உழைப்பால் மட்டுமே தைக்கப்பட்டது என்ற பொருளில் அச்சிட்டிருந்ததை உலகமே பார்த்தது. 1890களில் அந்தக் கொள்கையைக் கைவிட்டதாக நிறுவனம் சொல்கிறது. யார் கை பட்டது என்று பார்த்துப் பொருளை வாங்குவது நமக்குத் தெரியாத பழக்கமா என்ன?

பெண்களுக்கென்று லீவைஸ் முதன்முதலில் ஜீன்ஸ் தைத்தது 1934இல். லேடி லீவைஸ் என்று பெயர். அதுவே இன்று திரும்பி வந்திருக்கும் உயர்ந்த இடுப்பு வெட்டுதான். மறு வருடமே வோக் பத்திரிகை அதைப் பேசியது. பண்ணைகளில் விடுமுறை கழிக்கப் போகும் பணக்கார வெள்ளைப் பெண்களுக்கான உடையாக. ஆக, உழைப்பாளியின் துணி பணக்காரருக்கு விளையாட்டு உடையாகி, பிறகுதான் உழைக்கும் பெண்களிடம் வந்தது. 1941இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் கறுப்பினத் தொழிலாளர்கள் வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று எச்சரித்த பிறகு, ஆயுதத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். வெள்ளையர் வீட்டு அடுக்களையில் ஏப்ரன் கட்டி நின்ற ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள், முழுக்கால் வேலையுடையில் தொழிற்சாலைக்குள் நுழைந்தது அப்படித்தான். அவர்களுக்கு அந்த உடையில் கூடுதல் சம்பளமும் இருந்தது.

அகலக் காலின் கதை கடற்படையிலிருந்து வருகிறது. தளத்தைக் கழுவும்போது முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட வசதி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். 1960களின் இறுதியில் இளைஞர்கள் பழைய கடற்படைத் துணிக் கடைகளில் அவற்றை வாங்கிப் போட, எழுபதுகளில் உலகமெங்கும் பெல்பாட்டம் வந்தது. நம் ஊரில் அதைப் போட்ட மாமாக்களின் புகைப்படங்கள் எல்லா வீட்டிலும் இருக்கும். அத்தைகளின் படங்களில் அது அபூர்வம்.

1960களின் குடிமையுரிமைப் போராட்டத்தில் டெனிமுக்கு நடந்தது எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆரம்பத்தில் கறுப்பின மாணவிகள் தேவாலயத்துக்குப் போகும் உடையில், இஸ்திரி போட்ட கவுனும் நேராக்கிய தலைமுடியுமாகப் போராடினார்கள். எங்களை மரியாதையாக நடத்து என்பதற்கு அந்த உடை ஒரு வாதம். ஆனால் மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவான எஸ்என்சிசியின் இளம்பெண்கள் மிசிசிப்பி கிராமங்களுக்குப் போனபோது, குத்தகைக் கூலிகள் டெனிம் ஓவரால்ஸில் இருந்தார்கள். பட்டுச் சட்டையில் போய் அவர்கள் திண்ணையில் உட்கார முடியாது. மாணவிகளும் டெனிமுக்கு மாறினார்கள். சிறையில் கிடந்தாலும் அழுக்குத் தெரியாது, கசங்கினாலும் கவலையில்லை. 1963 ஏப்ரல் 12 அன்று பர்மிங்ஹாமில் கைதானபோது மார்ட்டின் லூதர் கிங்கும் டெனிம் வேலையுடையில்தான் இருந்தார். வரலாற்றாசிரியர் டனீஷா ஃபோர்ட் இந்தப் பெண்களின் உடையை ஆராய்ந்து, அது தற்செயல் இல்லை, நடுத்தர வர்க்க மரியாதையை அவர்கள் யோசித்தே கழற்றி வைத்தார்கள் என்று காட்டுகிறார்.

இங்கே நமக்கு ஒரு சிக்கல் வருகிறது. அண்ணல் அம்பேத்கர் எதிர்த்திசையில் நடந்தார். 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம், முழங்காலோடு நிற்கும் சேலைக்கட்டும் கனத்த உலோக நகைகளும் உங்கள் சாதியைக் காட்டிக்கொடுக்கின்றன, அவற்றை விடுங்கள் என்றார். கணுக்கால் வரை இறங்கும் கட்டுக்கு அங்கேயே பெண்கள் மாறினார்கள். அவர் கோட்டும் சூட்டும் அணிந்ததும் அதே காரணத்தால்தான். கந்தலை வேண்டுமென்றே உடுத்துவது, கந்தலைத் தவிர வேறு உடுத்த அனுமதி இருந்தவர்களுக்குத்தான் போராட்டமாகும். தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்ட பிறகு, 1859இல் மன்னர் விட்ட அறிக்கைகூட, எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள், உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் கூடாது என்றுதான் சொன்னது. எனவே கிழித்துவிட்ட ஜீன்ஸைப் பார்த்து முகம் சுளிக்கும் நம் அம்மாக்களை, பழமைவாதிகள் என்று நாங்கள் உடனே ஒதுக்குவதில்லை. கிழிந்ததை உடுத்தாமல் இருக்க அவர்கள் நிறைய விலை கொடுத்திருக்கிறார்கள்.

2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்தன. அந்தக் காலகட்டத்தில்தான் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 1930இன் தடைப் பட்டியலை வைத்து இதைப் படித்தால் புதிதாக எதுவுமில்லை. வேட்டி இருந்த இடத்தில் ஜீன்ஸ் வந்திருக்கிறது. அந்தப் பேச்சில் பெண்ணுக்கு மூளை கிடையாது, ஒரு துணியைப் பார்த்து மயங்குகிற பொருள் அவள்.

ஆனால் அதைக் கண்டித்துக் கூட்டம் போட்ட நம் அண்ணன் தம்பிகளிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் ஜீன்ஸ் போடுவது சுயமரியாதை என்றால், உங்கள் தங்கை போடுவது மட்டும் எப்படித் திமிராகிறது? வடக்கே காப் பஞ்சாயத்துகள் பெண்களுக்கு ஜீன்ஸைத் தடை செய்வதைப் பார்த்துச் சிரிக்கிறோம். 2021 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் தேவரியா மாவட்டத்தில் ஜீன்ஸ் போட்டதற்காக 17 வயதுப் பெண் உறவினர்களாலேயே அடித்துக் கொல்லப்பட்டதாகச் செய்தி வந்தது. நம் காலனியில் ஜீன்ஸைப் பையில் மறைத்து எடுத்துப்போய் தோழி வீட்டில் மாற்றிக்கொள்ளும் பெண்களை எங்களுக்குத் தெரியும். ஊர்த் தெருவைத் தாண்டும்போது வரும் பயம் ஒன்று. வீட்டு வாசலிலேயே வரும் பயம் இன்னொன்று. முதலாவதைப் பற்றி மட்டுமே நம் மேடைகள் பேசுகின்றன.

துணியை நூற்பவர்களையும் தைப்பவர்களையும் விட்டுவிட்டு இந்த வரலாறு எழுத முடியாது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருடம் விடுதியில் அடைபட்டு வேலை செய்த இளம்பெண்களில் தலித்துகள் ஏராளம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றின் தலித் பெண் தொழிலாளி, மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. பாலியல் தொல்லைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிராக வெளிநாட்டு பிராண்டையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. ஜீன்ஸைப் பழசாகக் காட்ட மணலைப் பீய்ச்சி அடிக்கும் வேலையால் துருக்கியில் தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டு, 2009இல் அந்த நாடு அதைத் தடை செய்தது. வெளுத்துப்போன மாடலைவிட அடர் நீலத்தை வாங்குங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அடர் நீலம் வேலைக்கும் நேர்காணலுக்கும்கூடப் போட முடியும் என்பது மற்றொன்று.

சரி, எப்படிப் போடுவது? இடுப்பு உயரமாக இருப்பதுதான் இந்த ஜீன்ஸின் உயிர், எனவே அதை மறைக்காதீர்கள். முட்டி வரை வரும் குர்தாவோடு போட்டால் ஆள் குட்டையாகத் தெரியும். சட்டையை முழுதாக உள்ளே விட்டு பெல்ட் போடலாம், அல்லது இடுப்பெலும்போடு நிற்கும் குட்டைக் குர்தா போடலாம். கீழே அகலம் என்பதால் மேலே சற்றுப் பிடித்த மாதிரி இருப்பது நல்லது. கைத்தறிப் பருத்திச் சட்டை இதற்கு அருமையாகப் பொருந்தும். துப்பட்டா வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு சண்டையை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், அதில் தோல்வி ஒன்றுமில்லை. நம் வெயிலுக்கு எடை குறைந்த துணியாகப் பாருங்கள். கடையில் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். நிற்கும்போது சரியாக இருப்பது உட்காரும்போது வயிற்றை அறுக்கும். பையில் கை நுழைகிறதா, போன் அடங்குகிறதா என்றும் பாருங்கள். பெண்கள் ஜீன்ஸில் பை என்ற பெயரில் வெறும் தையலை வைத்து ஏமாற்றுவது இன்னும் நிற்கவில்லை.

நீளத்தில் கவனம் வேண்டும். எப்போதும் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு, விளிம்பு தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் பேருந்துப் படியில் மிதிபடும், சைக்கிள் செயினில் மாட்டும். தையல்காரரிடம் கொடுக்கும் முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், வெட்டிய பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம், நீலம் இறங்கும்.