அமெரிக்க உயர்பாடசாலைகளில் உடற்கல்வியின் நோக்கங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

கணிதத்தையோ வரலாற்றையோ கற்கப் புகும் மாணவன் அப்பாடத்தை அறியாதவனாகவே வகுப்பினுட் புகுகின்றான். அவனது அறியாமை எவருக்கும் வியப்பளிப்பதில்லை; அதனைப் போக்குவதற்காகவே ஆசிரியர் அங்கு நிற்கின்றார். உடற்கல்வி வகுப்பின் நிலை இதனின்றும் வேறுபட்டது. அதனுட் புகும் பதினான்கு வயதினன் விரைந்து ஓடக்கூடியவனா, குறுக்குக் கம்பியைப் பற்றித் தன் உடலை மேலிழுக்க வல்லவனா என்பது முதல் நாளிலேயே வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடுகின்றது. ஆகவே, தொடக்க வகுப்பு மாணவனிடம் எதனை எதிர்பார்ப்பது, அவனை எந்நிலைக்கு இட்டுச்செல்வது என்னும் வினாக்கள் ஏனைய பாடங்களிலும் பார்க்க இப்பாடத்திற் கூர்மை பெறுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலைகள் இவ்வினாக்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அளித்துவந்துள்ள விடைகளை ஆராயுமிடத்து, அவற்றுட் பல மாணவனின் தேவையிலிருந்து பிறந்தனவல்ல என்பதும், அவ்வக்காலத்து முதியோரின் அச்சங்களே அவற்றை ஈன்றன என்பதும் புலனாகும்.

பாடசாலை உடற்பயிற்சி அமெரிக்காவுக்குப் பெருமளவில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஜேர்மனியில் யான் என்பார் வளர்த்த பயிற்சி முறையை அவருடைய மாணவரான சாள்ஸ் பெக் 1825இல் மசச்சூசற்ஸ் மாநிலத்து ரவுண்ட் ஹில் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் தோல்விக்குப் பின் குடிபெயர்ந்த ஜேர்மானியர் தம் பயிற்சிக் கழகங்களையும் உடன் கொணர்ந்தனர். பெண்கல்விக்குப் பாடுபட்ட கதறின் பீச்சர் 1856இற் பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்குமென உடற்பயிற்சி நூலொன்றை வெளியிட்டார். டயோ லூயிஸ் என்பவர் 1861இற் பொஸ்ரன் நகரில் ஆசிரியர்களைப் பயிற்றத் தொடங்கினார். கனத்த இரும்புக்குப் பதிலாக மரத்தாற் செய்த இலேசான கருவிகளையும் அவரைவிதை நிரப்பிய சிறு பைகளையும் அவர் கையாண்டமை குறிப்பிடத்தக்கது. 1866இற் கலிபோர்னியா மாநிலம் உடற்பயிற்சியைச் சட்டத்தின் மூலம் பாடசாலைகளுக்கு உரியதாக்கியது. நகரவாழ்வும் நாள்முழுதும் வாங்கில் அமர்ந்திருத்தலும் இளைஞரை நலிவிக்கும் என்பதே அக்காலத்து அச்சம்.

எம்முறை சிறந்தது என்னும் வாதம் நெடுநாள் நீடித்தது. 1889இற் பொஸ்ரனில் நடைபெற்ற மாநாட்டில் அவ்வாதம் உச்சம் பெற்றது. மேரி ஹெமன்வே, ஏமி மொறிஸ் ஹோமன்ஸ் ஆகிய இரு பெண்மணிகளின் முயற்சியாற் கூடிய அம்மாநாட்டில் ஜேர்மானிய முறையும் சுவீடிய முறையும் எதிரெதிரே வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டிற் பொஸ்ரன் பாடசாலைகள் சுவீடிய முறையை ஏற்றுக்கொண்டன. அதன் உடற்கூற்று அடிப்படை ஒருபுறமிருக்க, அம்முறைக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வாங்குகளுக்கு இடையிலுள்ள இடமே அதற்குப் போதும். கட்டளையிட ஓர் ஆசிரியர் போதும். புதிதாக வந்த மாணவனிடம் எதிர்பார்க்கப்பட்டது நேராக நிற்றலும் கட்டளை பிறந்த கணத்திற் கையை உயர்த்துதலுமே. ஐம்பது பேரும் ஒருவராய் அசைந்தால் அவ்வகுப்பு வெற்றி பெற்றதாகும். இவ்வெற்றியில் எவனொருவனின் உடல் என்ன ஆயிற்று என்பதை அறிய வழியில்லை.

இதற்கு மாறான ஒரு நோக்கும் அதே மாநாட்டில் ஒலித்தது. 1879 முதல் ஹார்வாட் பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பொறுப்பாயிருந்த டட்லி சாஜன்ற் எந்தவொரு முறைக்கும் அடிமையாகாது எல்லா முறைகளிலும் நல்லனவற்றைக் கொள்ளவேண்டும் என வாதித்தார். மருத்துவம் கற்றவரான அவர், பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரையும் தனித்தனியே அளந்து, அவரவர் வலிமைக்கேற்பப் பளுவைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய கப்பிக் கருவிகளை அமைத்தார். நலிந்தவன் தன் நலிவிலிருந்தே தொடங்கலாம் என்பது இக்கருவிகளின் உட்பொருள். இவ்வெண்ணம் செல்வம் மிக்க பல்கலைக்கழகமொன்றிற் பிறந்தது தற்செயலன்று. ஐம்பது பேருக்கு ஓர் ஆசிரியரைக் கொண்ட நகரப் பாடசாலையில் அளவுநாடாவைப் பிடிப்பதற்கே நேரமிருந்திராது.

மாணவர் தாமே ஒரு பாடத்தின் நோக்கத்தை மாற்றியமைத்த நிகழ்ச்சியொன்றும் இவ்வரலாற்றில் உண்டு. அது நிகழ்ந்தது உயர்பாடசாலையிலன்று. மசச்சூசற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் அமைந்த வை. எம். சி. ஏ. பயிற்சிக் கல்லூரியில். ஆயினும், அதன் விளைவு உயர்பாடசாலைகளையே பெரிதும் பாதித்தது. 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அங்கு பயின்ற பதினெண்மர் கொண்ட வகுப்பொன்று கூடத்தினுள் நடந்த கட்டளைப் பயிற்சியை அறவே வெறுத்தது. இலையுதிர்காலம் முழுவதும் உதைபந்தாடித் திரிந்த வளர்ந்த ஆண்கள் அவர்கள். கையை உயர்த்தித் தாழ்த்துவதில் அவர்களுக்கு என்ன இன்பம் இருக்கமுடியும்? ஆசிரியர் இருவர் முயன்று கைவிட்ட பின்னர் அவ்வகுப்பு ஜேம்ஸ் நெயிஸ்மித்திடம் ஒப்படைக்கப்பட்டது. துறைத் தலைவரான லூதர் கியூலிக் அவருக்கு இரண்டு வாரத் தவணை அளித்தார். வெளியே ஆடும் ஆட்டங்களைக் கூடத்தினுட் கொணர நெயிஸ்மித் செய்த முதல் முயற்சிகள் தோல்வியுற்றன. மூடிய கூடத்தில் அவை காயங்களையே தந்தன. ஈற்றில், பந்துடன் ஓடுதலைத் தடுத்தால் முரட்டுத்தனமாக மோதவேண்டிய தேவையே இராது எனவும், இலக்கைத் தலைக்கு மேல் வைத்தாற் பந்தை வலிந்து எறிவதிற் பயனிராது எனவும் அவர் சிந்தித்தார். மேல்மாடத்தின் விளிம்பில், 10 அடி உயரத்தில், பீச் பழக் கூடைகள் இரண்டு ஆணியடித்துப் பொருத்தப்பட்டன. விதிகள் பதின்மூன்று எழுதப்பட்டன. கூடைப்பந்தாட்டம் இவ்வாறே தோன்றியது.

இங்கு கவனிக்கவேண்டியது விளையாட்டின் பிறப்பு மாத்திரமன்று. மாணவர் மறுத்தபோது ஆசிரியர் மாணவரைக் குறைகூறவில்லை, பாடத்தையே மாற்றினார். மகிழ்ச்சி என்பது உடற்பயிற்சிக்குக் கிடைக்கும் பரிசன்று, அதன் நிபந்தனை என்பது அக்கூடத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே செண்டா பெரன்சன் ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கென விதிகளைத் திருத்தி அவ்விளையாட்டைப் புகுத்தினார். அதே வை. எம். சி. ஏ. சூழலில், 1895இல் அருகிலிருந்த ஹோலியோக் நகரில், வில்லியம் மோர்கன் கரப்பந்தாட்டத்தை அமைத்தார். ஸ்பிறிங்பீல்டிற் பயின்ற ஹரி பக் 1920இற் சென்னையில் வை. எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். இலங்கை ஆசிரியர் பலரும் அங்கு சென்று பயின்று மீண்டனர். மாலைவேளைகளில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் கட்டப்படும் கரப்பந்து வலைக்கும் மசச்சூசற்ஸ் குளிர்காலத்துக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோக்கங்கள் விரிவுபெற்றன. கியூலிக் 1903இல் நியூயோர்க் பொதுப் பாடசாலைகளுக்கென மெய்வல்லுநர் சங்கமொன்றை அமைத்தார். ஓட்டம், பாய்ச்சல், கம்பியில் உடலை மேலிழுத்தல் ஆகியவற்றிற் குறித்த தரத்தை எட்டியவர்க்குச் சின்னம் அளிக்கப்பட்டது. 1910இற் கிளாக் ஹெதறிங்ரன் உடற்கல்வியின் பயன் தசையோடு முடிவதன்று எனக் கூறி, உடலுறுப்பு வளர்ச்சி, இயக்கத்திறன், ஒழுக்கம், அறிவு என நால்வகை நோக்கங்களை முன்வைத்தார். 1927இல் தோமஸ் வூட், றோசலின்ட் கசிடி ஆகியோர் எழுதிய நூல் இப்போக்கைப் ‘புதிய உடற்கல்வி’ என்றே பெயரிட்டழைத்தது. இவற்றுக்கிடையே முதலாம் உலகப்போர் வந்தது. படைக்கு அழைக்கப்பட்ட இளைஞருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் உடற்குறை உடையோரெனக் காணப்பட்டமை நாட்டைத் திடுக்கிடச் செய்தது. பல மாநிலங்கள் உடற்கல்வியைக் கட்டாயமாக்கின. இடைநிலைக் கல்வியின் தலையாய நோக்கங்கள் ஏழினை வகுத்த 1918ஆம் ஆண்டு அறிக்கை சுகத்தை அவற்றுள் முதலாவதாக வைத்தது. கல்வியியலாளர் மாணவனின் முழுமையான வளர்ச்சியைப் பேசினர். சட்டமன்றங்களோ படைவீரனையே மனத்திற் கொண்டிருந்தன. பணம் சட்டமன்றங்களிடமே இருந்தது.

இம்முரண்பாடு 1950களில் மீண்டும் வெளிப்பட்டது. ஹான்ஸ் கிறவுஸ் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றிய பொனி புருடனும் ஆறு எளிய அசைவுகளைக் கொண்ட சோதனையொன்றை அமெரிக்க, ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு நடத்தினர். 1953இல் வெளிவந்த முடிவுகளின்படி, அமெரிக்கப் பிள்ளைகளிற் பாதிக்கு மேற்பட்டோர் சித்தியடையவில்லை. ஐரோப்பியரில் அவ்வாறானோர் பத்தில் ஒருவரேனும் இல்லை. முழங்காலை மடியாது குனிந்து நிலத்தைத் தொடுதலும் அச்சோதனைகளுள் ஒன்று. தோல்விகளுட் பெரும்பகுதி இந்நெகிழ்வுச் சோதனையில் ஏற்பட்டமையால், அதனைக்கொண்டு ஒரு தலைமுறையின் வலிமையை அளக்கலாமா என ஐயுற்றோர் அக்காலத்திலேயே இருந்தனர். ஆயினும், சோவியத் யூனியனோடு பனிப்போர் நிகழ்ந்த காலத்தில் அவ்வையம் எடுபடவில்லை. 1956இற் சனாதிபதி ஐசன்ஹோவர் இளைஞர் உடற்தகுதிக்கென ஓர் அவையை நிறுவினார். பதவியேற்குமுன், 1960 டிசெம்பரில், கென்னடி விளையாட்டுச் சஞ்சிகையொன்றில் அமெரிக்கரின் மென்மையைக் கண்டித்து எழுதினார்.

கலிபோர்னியாவின் லா சியரா உயர்பாடசாலை இக்காலத்து எதிர்பார்ப்புகளின் மாதிரியாகப் புகழ்பெற்றது. புதிதாக வந்த மாணவன் வெள்ளைக் காற்சட்டை அணிந்தான். சோதனைகளிற் சித்தியெய்தச் சித்தியெய்தச் சிவப்பு, நீலம் எனக் காற்சட்டையின் நிறம் மாறியது. அம்முறைக்கு ஒரு நியாயம் உண்டு: ஏறவேண்டிய படிகள் தெளிவாயிருந்தன, பிறப்பாலோ செல்வத்தாலோ எவரும் நிறத்தைப் பெறமுடியாது. எனினும், உழைத்தும் முன்னேற இயலாதவன் தன் இயலாமையை ஆண்டு முழுவதும் இடுப்பில் அணிந்து நின்றான் என்பதையும் மறுத்தற்கில்லை.

1966இல் ஏற்படுத்தப்பட்ட சனாதிபதி விருது இத்தர்க்கத்தை அதன் எல்லைக்கே கொண்டுசென்றது. ஒவ்வொரு சோதனையிலும் தம் வயதினர் நூற்றுவருள் 85 பேர் அளவினரை விஞ்சியவர்க்கே அது உரியது. விருதின் வரைவிலக்கணப்படியே பெரும்பாலோர் அதனைப் பெறமுடியாது. நாடு முழுவதன் உடல்நலத்தையும் உயர்த்துதல் நோக்கமெனக் கூறிக்கொண்டு, மிகச் சிலரே எட்டக்கூடிய கோட்டை வரைந்தமை நகைப்புக்கிடமானது. ஏற்கெனவே வலிமையுடையோரை அது கண்டுபிடித்தது. கம்பியில் ஒருமுறையேனும் தன்னை மேலிழுக்க இயலாத சிறுவன் சக மாணவர் முன்னிலையிற் சில விநாடிகள் தொங்கி இறங்கினான். அவனுடைய பதிவிற் பூச்சியம் எழுதப்பட்டது. வாசிக்கத் தெரியாத பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்திச் சோதித்துப் பின் எழுத்துக் கற்பியாது அனுப்பும் ஆசிரியரை எவரும் மெச்சார்.

பெண்களின் நிலை தனியே நோக்கற்பாலது. கடும்போட்டி பெண்களுக்கு ஒவ்வாதது என்னும் கருத்து, நல்லெண்ணமுடைய பெண் கல்வியாளர் பலராலேயே நெடுங்காலம் போற்றப்பட்டது. அனைவரும் பங்குபற்றவேண்டும் என்னும் அவர்களது நோக்கம் உயர்ந்ததே. ஆனால் மிகத் திறமைவாய்ந்த பெண்ணுக்கு அது கூரையாகவும் அமைந்தது. 1972இற் கல்விச் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவு சேர்க்கப்பட்டதும் நிலை மாறியது. அதற்கு முந்திய 1971–72ஆம் பாடசாலையாண்டில் உயர்பாடசாலை விளையாட்டு அணிகளில் ஏறத்தாழ 2,94,000 பெண்களே இருந்தனர். ஆண்களோ 36 இலட்சத்துக்கு மேற்பட்டோர். 1978 அளவில் அப்பெண்களின் தொகை 20 இலட்சத்தைக் கடந்தது. ஆறாண்டுக்குள் ஒரு பாலாரின் உடலியல்பு மாறிவிடாது, மாறியது எதிர்பார்ப்பே.

இதயநோய் பற்றிய அறிவு பெருகியபோது அச்சத்தின் வடிவமும் மாறியது. கெனத் கூப்பர் என்னும் மருத்துவரின் டெக்சாஸ் நிறுவனம் 1982இல் ஃபிற்னெஸ்கிராம் என்னும் மதிப்பீட்டைத் தொடக்கியது. சக மாணவரோடு ஒப்பிடுதலைக் கைவிட்டு, நலவாழ்வுக்குப் போதுமான அளவு எதுவோ அதனையே அது பின்னர்த் தரமாகக் கொண்டது. அத்தரத்தை வகுப்பிலுள்ள அனைவரும் எட்டுதல் கூடும். எவரும் எட்டாதிருத்தலும் கூடும். ஒருவனது சித்திக்கு மற்றொருவனது தோல்வி தேவைப்படவில்லை. 2012இற் பழைய சனாதிபதிச் சோதனை கைவிடப்பட்டு இம்மதிப்பீடு அதனிடத்தைப் பெற்றது. பதின்மூன்று ஆண்டுகளின் பின், 2025 ஜூலை மாதம் 31ஆம் நாள், சனாதிபதி ட்ரம்ப் பழைய சோதனையை மீண்டும் நிலைநாட்டுமாறு கட்டளையிட்டார். இளைஞரின் உடல்நலக் குறைவு நாட்டின் படைப்பலத்தையும் பாதிக்கின்றது என்னும் பழைய அச்சம் அக்கட்டளையிலும் இடம்பெற்றுள்ளது.