தண்டனையின் கணக்கு

பேரரசுகள் தாம் விதித்த தண்டனைகளுக்குக் கணக்கு எழுதி வைப்பதுண்டு. அக்கணக்கை மட்டும் நம்பும் வரலாறு பாதி உண்மையையே கூறும். 1916-இல் மத்திய ஆசிய முஸ்லிம்கள் ரஷ்யப் பேரரசை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி இதற்குச் சான்றாகும்.

இக்கிளர்ச்சியைப் பற்றி வரலாற்றாய்வாளர் எட்வர்ட் சோகோல் எழுதிய நூலை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1954-இல் வெளியிட்டது. நூற்றாண்டு நினைவின்போது, 2016-இல், அது மீண்டும் அச்சேறியது. அரசாணை ஒரு தீப்பொறியே. பல்லாண்டுகளாக நிகழ்ந்த நிலப்பறிப்பும் குடியேற்றமுமே விறகாயின என்பதை அந்நூல் வழி நாம் உணர்கிறோம்.

அதுவரை துருக்கிஸ்தான் முஸ்லிம்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை இல்லை. பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1916 ஜூன் 25 அன்று, 19 முதல் 43 வயது வரையிலான ஆண்களைப் போர்முனைக்குப் பின்னால் வேலை செய்ய அனுப்புமாறு ஸார் இரண்டாம் நிக்கோலஸ் ஆணையிட்டார். பெயர்ப் பட்டியல் எழுதும் பொறுப்பு உள்ளூர்த் தலைவர்களிடம் விடப்பட்டது. செல்வர் கையூட்டுக் கொடுத்துத் தப்பினர். ஏழைகளின் பெயர்களே பட்டியலில் நின்றன. அது ரமலான் மாதம். ஜூலை 4 அன்று கோஜெந்தில் மக்கள் திரண்டனர். 13 அன்று ஜிஸாக் எழுந்தது. கிளர்ச்சி கஸாக், கிர்கிஸ் மக்கள் வாழ்ந்த ஸெமிரெச்சி வரை பரவியது.

கிளர்ச்சியாளரும் குற்றமற்றவர் அல்லர். ஸெமிரெச்சியில் ரஷ்யக் குடியேறிகள் பலர், பெண்டிரும் சிறாரும் உட்பட, கொல்லப்பட்டனர். இதனை மறைப்பது நியாயமாகாது.

ஆனால் அரசின் பதில் குற்றவாளியைத் தேடவில்லை. ஜிஸாக் நகரம் தகர்க்கப்பட்டது. மக்கள் வெட்டவெளிக்குத் துரத்தப்பட்டனர். ரஷ்யக் குருதி சிந்திய நிலமெல்லாம் பறிக்கப்பட வேண்டும் என்பது ஆளுநர் குரோபாட்கினின் கொள்கை. இஸ்ஸிக்குல் ஏரிக்கரையிலிருந்து கிர்கிஸ் மக்களை அடியோடு அகற்றவும் அவர் திட்டமிட்டார். 1917-இல் ஸார் ஆட்சி வீழ்ந்தமையால் அத்திட்டம் முற்றுப்பெறவில்லை.

நீதிமன்றங்கள் 347 பேருக்கு மரண தண்டனை விதித்தன. குரோபாட்கின் அவற்றுள் 51-ஐ உறுதி செய்தார். ஏட்டில் நிற்கும் கணக்கு இதுவே. விசாரணையின்றித் தண்டனைப் படைகள் கொன்றவர்களும், சீனத்தை நோக்கிப் பனிமலைக் கணவாய்களில் ஓடி மடிந்தவர்களும் எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறவில்லை.

ஒருவர் செய்த குற்றத்தை மற்றவர்மேல் சுமத்தலாகாது என்பது நம் மார்க்கத்தின் நெறி. ஊரையே குற்றவாளியாக்கும் ஆட்சி, தான் கேட்கும் விசுவாசத்தைத் தானே வேரறுக்கிறது. கிர்கிஸ் மக்கள் அப்பெருந்துயரை இன்றும் ‘உர்குன்’ என்றே நினைவுகூர்கின்றனர். நீதிமன்ற ஏடுகள் எழுதாமல் விட்ட கணக்கை, தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பங்களே காத்து வருகின்றன.