பழைய கோப்புக்குள்ள தமிழ் எங்க?

கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் பழைய கணினிகள்ல பாடசாலை மலர்களும் கவிதைத் தொகுப்புகளும் இன்னும் கிடக்கு. புதுக் கணினியில திறந்தா தமிழைக் காணல்ல, ஆங்கில எழுத்துதான் வருது. அநேகமா அது பாமினியில அடிச்சதா இருக்கும்.

யூனிகோட் வழக்கத்துக்கு வர முதல் இலங்கையில் பரவலாகப் பாவித்த எழுத்துரு பாமினி. 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாகுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. தமிழ்நாட்டில் டாம், டாப், இணையத்தில் திஸ்கி என்று ஆளுக்கொரு முறை. எழுத்துரு என்பது பயனர் விரும்பி மாற்றும் ஒரு செட்டிங். அந்த செட்டிங்கை மாற்றினா சொல்லே அழிஞ்சு போற நிலைமைதான் அப்ப இருந்தது.

1991இல் வந்த யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 அதை நம்ம கணினிக்குக் கொண்டுவந்தது. 2008இல் இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரம் ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றது.

ஆனாலும் பாமினியில பழகின விரல்களை யாரும் மாற்றச் சொல்லல்ல. இ-கலப்பையில பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்து அதே மாதிரி அடிக்கலாம், கோப்பில் யூனிகோட் தமிழே பதிவாகும். அடிக்கிற முறை அவரவர் விருப்பம், சேமிக்கிற எழுத்து எல்லாருக்கும் ஒன்று.

பழைய கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்குது. எந்த எழுத்துருவில அடிச்சதெண்டு சொல்லக்கூடியவங்க இருக்கும்போதே மாற்றி வைப்போம்.