பெயர் மாறிப்போன திராட்சை



இன்று ஒரு திராட்சையின் கதை. ஒயின் திராட்சைதான். வாத்தியாருக்கு இந்த வயதில் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். குடித்ததில்லை, படித்ததுதான்.

பெயர் கார்மெனேர். பிரான்சின் போர்தோ பகுதியில் விளைந்த பழைய கருந்திராட்சை. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற பூச்சி வேரைத் தாக்கி, அந்த நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை நாசமாக்கியது. பிறகு அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டி மறுபடி பயிரிட்டார்கள். அப்போது கார்மெனேரைப் பெரும்பாலானோர் ஒதுக்கிவிட்டார்கள். குளிரும் மழையுமாக இருந்தால் அதன் பூ உதிர்ந்துவிடும், காய் பிடிக்காது. காலப்போக்கில் அந்த ரகமே அழிந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

ஆனால் பூச்சி வருவதற்கு முன்பே, 1850-கள் வாக்கில், சிலி நாட்டுப் பண்ணைக்காரர்கள் போர்தோவிலிருந்து கொடிகளைக் கொண்டுபோயிருந்தார்கள். வடக்கே பாலைவனம், கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே கடல். பூச்சி அங்கே பரவவில்லை. கார்மெனேர் அங்கே மெர்லோ என்ற இன்னொரு ரகத்தோடு கலந்து, மெர்லோ என்ற பெயரிலேயே நூறு வருஷத்துக்கு மேல் வளர்ந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு கனத்தது. கார்மெனேர், மெர்லோவைவிடச் சில வாரங்கள் பிந்திப் பழுக்கும். பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் சேர்த்தே அறுத்தார்கள். ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாடை அடித்தது. சிலி மெர்லோ என்றாலே இப்படித்தான் என்று பேச்சு வந்தது. நானும் ஐந்தாம் வகுப்பில், பிந்திப் பழுக்கிற பிள்ளைகளை மக்கு என்று சொல்லியிருக்கிறேன். அவர்களில் இரண்டு பேராவது இதைப் படிப்பார்கள். மன்னியுங்கள்.

1994 நவம்பரில் ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சுத் திராட்சை நிபுணர் சிலியின் மைப்போ பள்ளத்தாக்குக்குப் போனார். ‘மெர்லோ’ பூத்திருந்தது. குனிந்து பார்த்தால் மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. (செம்பருத்தியைப் பிரித்துக் காட்டினேனே, அதே மகரந்தத் தாள்!) இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். 1998-இல் சிலி அரசு அதைத் தனி ரகமாக ஏற்றுக்கொண்டது. தனியே பிரித்து, நன்றாகப் பழுக்கவிட்டு அறுத்தபோது மிளகாய் வாடை அடங்கிற்று. இன்று அங்கே சுமார் 10,000 ஹெக்டேரில் விளைகிறது.

பிற்பாடு சீனாவிலும் கபெர்னே கெர்னிஷ்ட் என்ற பெயரில் வளர்ந்த கொடிகளில் பெரும்பாலானவை கார்மெனேர்தான் என்று மரபணுச் சோதனையில் தெரிந்தது.